தண்ணி வராத வீடு

கடைசித் தட்டையும் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, கட்டிலிலிருந்து மறுபடியும் அதே கேள்வி வந்தது.

"எல்லாம் கட்டியாச்சா?"

"சமையல்கட்டு முடிஞ்சுதுங்க. இனி துணிமணிதான் பாக்கி."

"சீக்கிரம் ஆகட்டும். அவங்க வந்து நிக்கும்போது வீடு சுத்தமா இருக்கணும்."

"பெருக்கித் துடைச்சுட்டேன். நீங்க கண்ண மூடுங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளாகச் சுருங்கிக் கிடந்த நெற்றி இப்போது கொஞ்சம் விரிந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு அவள் பெட்டியின் வாயை மடித்து டேப்பை இழுத்து ஒட்டினாள்.

யாரும் வரப்போவதில்லை. இந்த வீடு யாருக்கும் விற்கப்படவில்லை. பத்து வருடத்துக்கு மேலாகக் குடியிருக்கும் சொந்த வீடு; அவள் பெயரில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம் என்று நச்சரித்தது அவர்தான். இனி நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, அவர் ஆசைப்படி கூட்டிப்போங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கூட்டி வந்து, ஹாலில் ஜன்னலோரம் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வித்துப்போச்சே. எப்ப காலி பண்றோம்?" என்றார்.

மகன் கட்டில் அருகே குனிந்தான். "அப்பா, இது நம்ம வீடுப்பா. யாருக்கும் விக்கல."

"அப்படியா, சரி" என்று அவர் தலையாட்டினார். விலை பிடிக்காத ஒருவர் விற்பவரின் மனம் நோகாமல் தலையாட்டுவாரே, அந்த மாதிரி. டீ குடித்து முடிப்பதற்குள், "சாவி எப்ப குடுக்கணும்?" என்று கேட்டார். மகள் வந்து சொல்லிப் பார்த்தாள். பார்த்துக்கொள்ள வந்திருந்த நர்ஸ்கூடச் சொல்லிப் பார்த்தாள். இன்று காலையில், பெட்டியெல்லாம் நானே இறக்குகிறேன் என்று ஒரு காலைத் தரையில் ஊன்றிவிட்டார். நர்ஸ் பாய்ந்து பிடிக்காவிட்டால் விழுந்திருப்பார். அதற்குப் பிறகுதான் அவள் மகனைக் கூப்பிட்டாள்.

"கடைக்குப் போய் பெரிய அட்டைப்பெட்டியா வாங்கிட்டு வா. பழைய பேப்பரும் வேணும்."

"எதுக்கும்மா?"

"வீடு மாத்தப் போறோம்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "அம்மா, நீயுமா?"

"எனக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. காலமெல்லாம் அவர் சொன்னப்பல்லாம் மூட்டை கட்டினவதானே. இன்னைக்கு ஒருநாள் கட்டினா ஒண்ணும் குறைஞ்சிடாது. போ."

*

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் சாவிக்காரர். கம்பெனி பெரிதாகி, வாசலில் காவலாளி சல்யூட் அடிக்கும் காலம் வந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கல்யாணமான புதிதில் அவர் வாடகை வீட்டு புரோக்கர். இடுப்பில் ஒரு வளையம், அது நிறைய ஊரார் வீட்டுச் சாவிகள். தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டுவிடும். பகலெல்லாம் அடுத்தவர் வீட்டைத் திறந்து காட்டிவிட்டு, தங்கள் ஒற்றை அறைக்கு வந்து, அன்று பார்த்த வீடுகளின் குறைகளை அவளிடம் ஒப்பிப்பார். பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டிய சமையலறை, கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் படுக்கையறை, துணி காயப்போட ஒரு முழம் இடமில்லாத மூன்றாவது மாடி.

"மனுஷங்க குடியிருக்கறதுக்குன்னு நெனச்சா இதெல்லாம் கட்டினானுங்க?"

"அப்ப நீங்களே கட்டுங்களேன்" என்றாள் அவள் ஒருநாள்.

கம்பெனி ஆரம்பித்த கதையைப் பின்னாளில் மேடைகளில் சொல்லும்போதெல்லாம் அவர் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குவார். அன்று அவளுக்குக் கடுமையாகத் தூக்கம் வந்தது, பேச்சை முடிப்பதற்காக அப்படிச் சொன்னாள் என்பதை மட்டும் விட்டுவிடுவார்.

தெரிந்த மேஸ்திரி ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். காலி மனை வைத்திருந்த டீச்சரம்மா ஒருவர், கட்டி முடித்தால் பாதி எனக்கு, பாதி உனக்கு என்று ஒத்துக்கொண்டார். நான்கே வீடுகள் கொண்ட சின்னக் கட்டடம். டீச்சரம்மாவுக்குப் போக மிஞ்சிய இரண்டில் ஒன்று உடனே விற்றது. மற்றது தரைத்தளத்தின் பின்பக்கம். வெயில் எட்டிப் பார்க்காத வீடு. வருகிறவர்கள் வாசலிலேயே மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்கள். சும்மா பூட்டிக் கிடப்பானேன், வாடகையாவது மிஞ்சட்டும் என்று கைக்குழந்தையாக இருந்த மகளைத் தூக்கிக்கொண்டு அவர்களே அங்கே குடிபோனார்கள். அவள் ஜன்னலுக்குப் பழைய துணியில் திரை தைத்தாள். பின்கதவுக்கு எதிரே நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, வெளியே இருந்த வெளிச்சத்தை உள்ளே திருப்பினாள். அடுத்து வீடு பார்க்க வந்த பார்ட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல், "நீங்க எப்ப காலி பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எந்தக் கட்டடம் கட்டினாலும் யாருக்கும் வேண்டாத வீடு என்று ஒன்று மிஞ்சும். மொட்டை மாடிக்குக் கீழே அடுப்பாகக் காய்கிற வீடு. லிஃப்ட் மோட்டார் தலைமாட்டில் உறுமுகிற வீடு. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்த வீடு. சாவிக்காரரின் குடும்பம் அதில் குடிபோகும். அவள் அந்த வீட்டோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டுவாள். எந்த அறையில் எந்த நேரம் காற்று வருகிறது, கட்டிலை எப்படித் திருப்பிப் போட்டால் சத்தம் குறைகிறது என்று கண்டுபிடிப்பாள். வீடு வீடாகத் தெரிய ஆரம்பிக்கும். யாராவது வாங்கிவிடுவார்கள். இவர்கள் மூட்டை கட்டுவார்கள்.

அம்மா குடிபோனா வீடு போயிடும் என்று கம்பெனியில் ஒரு பேச்சே இருந்தது. அது பாராட்டுத்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் சுவரைத் துடைத்துவிட்டு வெளியே வரும்போது, தான் சரியாகச் செய்த வேலைக்குத் தனக்கே தண்டனை கிடைத்த மாதிரி அவளுக்கு இருக்கும்.

ஆரம்ப வருடங்களில் அவர்கள் சாப்பாட்டு மேசைதான் ஆபீஸ். குழம்புச் சட்டியை நகர்த்திவிட்டு அதன்மேல் வரைபடத்தை விரிப்பார்கள். மேசையின் ஒரு கோடியில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவாள், மறுகோடியில் யாரோ முன்பணம் கொடுத்துக் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு தனி ஆபீஸ் வந்தது, எஞ்சினியர் வந்தார், பெயர்ப்பலகை வந்தது. மேஸ்திரி தனக்கு இது போதும் என்று விலகிக்கொண்டார். நான்கு மாடி, எட்டு மாடி ஆனது. நடுவில் ஒரு கெட்ட வருடமும் வந்தது. பாங்க் கை விரித்தது, வேலை பாதியில் நின்றது, பணம் கட்டியவர்கள் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டார்கள். அவர் பின்வாசல் வழியாகப் போகவில்லை. முன்னால் நின்று, திட்டியதையெல்லாம் கேட்டுக்கொண்டார். "கட்டித் தருவேன்" என்று மட்டும் சொன்னார். கட்டித் தந்தார். அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான் அதற்கடுத்த பத்து வருடமும் கம்பெனி வீடுகளை விற்றது.

பிறகு மகன் படித்துவிட்டு வந்தான். மாடல் ஃப்ளாட் என்று ஒன்றை ஏற்பாடு செய்தான். யாரும் குடியிருக்காமலே, குடியிருப்பது மாதிரி அலங்கரித்த வீடு. திறப்பன்று இவர்களும் போனார்கள். மேசைமேல் இருந்த ஆப்பிளை அவள் எடுத்துப் பார்த்தாள்; பிளாஸ்டிக். அலமாரியில் இருந்த புத்தகங்களுக்கு அட்டை மட்டும்தான்.

"உன் வேலைக்கு ஆள் எடுத்துட்டான் பாத்தியா" என்றார் அவர் காதோரம்.

"ஆப்பிளாவது நல்லதா வாங்கி வெச்சிருக்கலாம்" என்றாள்.

அந்த வருடம்தான் அவளை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். இது விற்பதற்கில்லை என்றார். அவள் சரி என்றாள். வாழ்க்கையில் அவள் பார்த்த எல்லா வீட்டிலும் இது நல்ல வீடு: கிழக்கே ஜன்னல், அகலமான சமையலறை, தொல்லையில்லாத பக்கத்து வீடு. மிஞ்சிப்போன வீடு இல்லை, தேர்ந்தெடுத்த வீடு. ஆனால் எந்த வீட்டையாவது மனதுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் அவளுக்கு வேறு வீடுதான் ஞாபகம் வரும்.

*

அது இரண்டாவது மாடி. சமையலறை ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு மரம். அதனால்தான் விற்கவில்லை, இருட்டு, பூச்சி வரும் என்றார்கள். அவளுக்கோ காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போது இலைகள் வழியாக வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து சுவரில் விழுவதைப் பார்க்கப் பிடித்திருந்தது. அணில் ஒன்று ஜன்னல் கம்பிவரை வந்து போகும். மகன் அந்த வீட்டில் இருந்தபோதுதான் சைக்கிள் விடக் கற்றான். மகளுக்கு அங்கேதான் முதன்முதலாகத் தனி அலமாரி கிடைத்தது. இதை விட்டுப் போக வேண்டாம் என்று வாய்விட்டு அவரிடம் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கம்பெனிக்குப் பணம் வேண்டும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரிந்த வீடு அது.

ஆட்களைக் கூட்டி வருகிறவனுக்கு ரேடியோ என்று பெயர். கம்பெனியின் முதல் சேல்ஸ்மேன். வாயைத் திறந்தால் மூடமாட்டான். வீடு பார்க்க வரும் தம்பதியில் கணவனைக் கூட்டிக்கொண்டு அவன் பால்கனியைக் காட்டப் போவான். மனைவி சமையலறையைப் பார்க்க வருவாள். இவள் குழாயைத் துடைத்துக்கொண்டே குரலைத் தாழ்த்திச் சொல்வாள்:

"நல்ல வீடுதான். தண்ணிதான் வராது."

வந்தவள் முகம் மாறும். பெண் சொன்னால் பெண் நம்புவாள், அதுவும் தண்ணீர் விஷயத்தில். சில பேருக்கு அது போதாது என்று தோன்றினால், "மேல் வீட்டுல தினம் சண்டை, தூங்க முடியல" என்றும் சேர்த்துக்கொள்வாள். மேல் வீட்டில் பாவம் வயதான இரண்டு பேர், சத்தமாக இருமக்கூட மாட்டார்கள். பார்ட்டி வருகிறது என்று தெரிந்தால் ஈரத்துணியை ஹாலின் குறுக்கே காயப்போடுவாள். பாத்திரத்தைக் கழுவாமல் விடுவாள்.

வருடங்கள் ஓடின. எல்லா வீடும் போகிறது, இது மட்டும் ஏனோ நகரமாட்டேன் என்கிறது என்று அவர் சாப்பிடும்போது சொல்வார். ஆமாம், ராசியில்லாத வீடு என்று அவள் சோற்றைப் போடுவாள்.

அப்புறம்தான் அந்தக் கெட்ட வருடம் வந்தது. வாசலில் சத்தம் போட்டவர்கள் போன பிறகு, அவர் மேசையில் தலைவைத்து உட்கார்ந்திருந்ததை அவள் சமையலறையிலிருந்து பார்த்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். இவள் குழாயைத் திருகிக் காட்டினாள். "தண்ணி நல்லா வரும்மா. மரத்த மட்டும் வெட்டிடாதீங்க" என்றாள். வந்தவள் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

*

மத்தியானம் துணிகளை எடுத்தபோது மகளும் வந்து தரையில் உட்கார்ந்தாள். மகன் அப்பாவின் கண்ணில் படும்படி பெட்டிகளைக் கதவோரம் அடுக்கினான். காலையில் இருந்த தயக்கம் அவனுக்குப் போய்விட்டிருந்தது. "அப்பா, இது கனமான பெட்டி, கீழ வெக்கறேன்" என்று தகவல் சொல்லிக்கொண்டே செய்தான். அவர் கண்ணைத் திறக்காமலே, "கண்ணாடி சாமான் மேல" என்றார்.

மகள் ஒரு பழைய ஸ்வெட்டரை விரித்துப் பார்த்தாள். "இது கல்லறை வீட்டுல நான் போட்டதும்மா. பேய் வந்தா கழுத்தக் கடிக்கும்னு இவன் சொல்லி, வெயில்லகூட இதப் போட்டுக்கிட்டுத் தூங்கினேன்."

"நான் எங்க சொன்னேன்? நீதான் என்னப் பயமுறுத்தின" என்றான் மகன்.

"டேய், பேய் கதவத் தட்டினா பார்ட்டின்னு நெனச்சு நீதான் தொறந்து விடுவேன்னு அப்பா சொன்னாரே, மறந்துட்டியா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். நர்ஸ் இது என்ன குடும்பம் என்பதுபோல் பார்த்துவிட்டு, தனக்கும் சிரிப்பு வர, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிரிப்புச் சத்தத்தில் அவர் கண் விழித்தார். ஜன்னலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மரம் எதுவும் இல்லை. எதிர்க் கட்டடமும் அதற்கு மேலே கொஞ்சம் வானமும்தான். கையை லேசாகத் தூக்கி அவளைக் கூப்பிட்டார். அவள் எழுந்து போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"என்னங்க? முடியப் போகுது. இன்னும் ரெண்டு பெட்டிதான்."

"வேணாம்."

"எது வேணாம்?"

"கட்டாத. வெச்சிடு." மூச்சு வாங்கியது. அவள் குனிந்தாள். "அவங்க வந்தா… தண்ணி வராதுன்னு சொல்லிடு."

அவள் அசையவில்லை.

"நீ சொன்னா நம்புவாங்க" என்றார். வாயின் ஒரு ஓரம் மெல்ல ஏறியது. "மேல் வீட்டுச் சண்டை… அதையும் சேத்துக்க."

"உங்களுக்குத் தெரியுமா?"

அவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "இது உனக்குப் பிடிச்ச வீடாச்சே" என்றார் கொஞ்சம் கழித்து, ஏதோ ஒரு சின்ன விஷயத்தை நினைவூட்டுவதுபோல. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"சரிங்க. சொல்லிடறேன்" என்றாள்.

மகள் பின்னால் வந்து நின்றாள். "அப்பா என்னம்மா சொன்னாரு?"

"தண்ணியப் பத்தி என்னமோ சொன்னாரு."

மகள் ஓடிப்போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். பெட்டிக்குள் போகாமல் தப்பிய ஒற்றைத் தம்ளர். கரண்டியால் கொஞ்சம் எடுத்து அவர் உதட்டை நனைத்தாள். அவர் மறுக்காமல் அதை விழுங்கினார். இரண்டாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த அவள் அதை முந்தானையால் துடைத்தாள்.

அப்புறம் அவர் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே, எதிர்க் கட்டடச் சுவரில் இந்தக் கட்டடத்தின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. அவர் சட்டைகளை அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். கட்ட வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது; ஆனாலும் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடையில் சட்டையின் ஒரு கையை மடிக்க முடிந்தது. பிறகு இரண்டு கையையும் மடிக்க முடிந்தது. முழுச் சட்டையையும் மடித்து முடித்து அவள் நிமிர்ந்தபோது, நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் "அப்பா" என்றான். மகள் அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

அந்தச் சட்டையை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியாமல் அவள் மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

*

மறுநாள் காலை வீடு கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு கட்டடத்திலிருந்தும் வந்தார்கள். மோட்டார் உறுமும் வீட்டை வாங்கியவர் வந்தார். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை என்றார். பின்பக்க வீட்டை வாங்கியவரின் மகன், தான் பிறந்ததே அந்த வீட்டில்தான் என்றான். ஒருவர் மகனைத் தனியே அழைத்துப்போய், "இந்த நேரத்துல சொல்லக் கூடாது, ஆனா உங்கப்பா இருந்திருந்தா உடனே வந்து பாப்பாரு" என்று பாத்ரூம் சுவரில் ஈரம் கசிவதைச் சொன்னார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்தப் பக்கத்துச் சுவர் என்று கேட்டான்.

வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு பாத்திரம் வெளியில் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து தம்ளர்கள் வந்தன. கதவோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். அதற்குள் காலி பண்ணுகிறார்களா, அம்மா மகன் வீட்டோடு போகிறாளா என்று ஒருத்தி மகளிடமே கேட்டுவிட்டாள். மகள் அம்மாவைப் பார்த்தாள். அவள் எதையும் விளக்கவில்லை.

ரேடியோ சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் வயதாகிவிட்டது, சாயம் பூசிய தலைமுடியின் அடியில் வெள்ளை தெரிந்தது. வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போவதற்குச் சற்று முன்னால், அவள் சமையலறைப் பக்கம் போனபோது பின்னாலேயே வந்தான்.

"அம்மா" என்றான்.

"சாப்பிட்டியா?"

"அது கெடக்கட்டும்மா." கைக்குட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "அந்த மரத்து வீடு ஞாபகம் இருக்கா?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"முதல் பார்ட்டி படி இறங்கும்போதே எங்கிட்ட கேட்டுட்டாங்கம்மா, தண்ணி வராதாமேன்னு. எனக்குக் கோவமான கோவம். நேரா முதலாளிகிட்ட போய் நின்னேன். அம்மாவே வீட்டுக்குள்ள நின்னு நம்ம யாவாரத்தக் கெடுக்கறாங்கன்னேன்."

"என்ன சொன்னார்?"

"கொஞ்ச நேரம் சாவியச் சுத்திட்டே இருந்தாரு. அப்புறம், 'நீ பாட்டுக்கு ஆள் கூட்டிட்டுப் போ. கூட்டிட்டுப் போகலன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துடும். ஆனா அங்க மட்டும் ரொம்ப பேசாத'ன்னாரு." ரேடியோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். "என் சர்வீஸ்லயே நான் வாய மூடிட்டு நின்னது அந்த ஒரு வீட்லதாம்மா. மூணு நாலு வருஷம்."

அவள் குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"எங்கிட்ட ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவேன்னாரு. இப்ப யாரு தூக்கப் போறா, சொல்லுங்க."

ஹாலிலிருந்து மகன் கூப்பிட்டான். நேரமாகிவிட்டிருந்தது. அவள் போய் அவர் தலைமாட்டில் நின்றாள். யாரோ அவர் கையில் பூவை வைத்திருந்தார்கள். அவள் அதைச் சற்று நகர்த்தி, விரல்களைத் தன் கைக்குள் எடுத்து, ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டுத் திரும்ப வைத்தாள். நான்கு பேர் குனிந்தார்கள். கதவோரப் பெட்டிகள் இடித்தன. ரேடியோ தன் காலால் அவற்றை ஓரமாகத் தள்ளி வழி விட்டான்.

*

உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மகன் ஆபீசுக்குப் போக ஆரம்பித்தான். மகள் மட்டும் இன்னும் சில நாள் இருக்கிறேன் என்று தங்கியிருந்தாள். ஒருநாள் மத்தியானம் மகள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தபோது அழைப்புமணி அடித்தது.

வாசலில் ஓர் இளம் தம்பதி நின்றிருந்தார்கள். கல்யாணமாகி அதிக நாள் ஆகியிருக்காது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்து, ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். கணவன்தான் சொன்னான்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. இந்த வீடு காலியாகுதுன்னு கீழ பேசிக்கிட்டாங்க. அதான், வேற யாரும் வர்றதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு…"

அந்தப் பெண்ணின் பார்வை அவளைத் தாண்டி உள்ளே போயிருந்தது. கிழக்கு ஜன்னல், கட்டிலை எடுத்துவிட்டதால் அகலமாகத் தெரிந்த தரை, சமையலறைக் கதவு. எந்தச் சாமானை எங்கே போடலாம் என்று அந்தக் கண்கள் அளந்தன. பிறகு, சுவரோர மேசையில் பூ வைத்திருந்த படத்தில் அவை போய் நின்றன. கணவனின் முழங்கையைத் தொட்டாள்.

"ஐயோ, எங்களுக்குத் தெரியாதும்மா" என்றாள்.

"பரவால்ல. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவள் உள்ளே போய் இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர்கள் வாசலில் நின்றபடியே குடித்தார்கள்.

"வீடு பாத்துப் பாத்து அலுத்துப்போச்சும்மா" என்றாள் அந்தப் பெண். "எங்க போனாலும் ஏதாவது ஒண்ணு. இதப் பாத்ததும் மனசுக்குப் பிடிச்சிருச்சு. அதான் கேக்கறேன். எப்பவாச்சும் குடுக்கற மாதிரி இருந்தா…"

"இல்லம்மா" என்றாள் அவள். "காலி பண்ணல. நாங்க இருக்கோம்."

கணவன் மறுபடியும் மன்னிப்புக் கேட்டான். அந்தப் பெண் காலித் தம்ளர்களைக் கொடுத்துவிட்டு, போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். லிஃப்ட் வந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு, மெல்லிய சத்தத்தோடு கீழே இறங்கியது. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவள் வாசலிலேயே நின்றாள், ஒரு கைக்கு ஒன்றாக ஈரத் தம்ளர்களைப் பிடித்துக்கொண்டு.